வீடு, வண்டி, நகை, மீன்: ஏலம் எடுக்கப் போகிறீர்களா? வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் வங்கி ஏல விளம்பரங்களைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டுக் குமரி மாவட்டத்தில் இருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. வீட்டு ஏலத்தைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம், கோழி ஏலத்தைப் பற்றிக் கேட்டவரும் ஒருவர் உண்டு. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: பேப்பரில் ஒரு வங்கி ஏல அறிவிப்பு பார்த்தேன். மார்த்தாண்டம் பக்கம் 8 சென்ட் நிலமும் ஓட்டு வீடும், குறைந்தபட்ச விலை 32 லட்சம். வெளியே அந்த இடத்துக்கு இதைவிட அதிகம் சொல்கிறார்கள். எங்கே பதிய வேண்டும், கையில் எவ்வளவு பணம் வேண்டும், அன்றைக்கு வங்கிக்கு நேரில் போக வேண்டுமா? — வாசகர், உண்ணாமலைக்கடை

பதில்: நேரில் போக வேண்டாம், இப்போது வங்கி ஏலம் பெரும்பாலும் இணையத்தில்தான் நடக்கிறது. ஆனால் இடத்தைப் பார்க்க நேரில் போயே ஆக வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பதிவு. அறிவிப்பின் கடைசியில் பொடி எழுத்தில் எந்த இணையதளத்தில் ஏலம் என்று போட்டிருப்பார்கள். அரசு வங்கி என்றால் பெரும்பாலும் பாங்க்நெட் தளம், தனியார் வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் வேறு ஏல நிறுவனங்களின் தளங்களை வைத்துக்கொள்கின்றன. செல்பேசி எண், மின்னஞ்சல், பான், ஆதார், பணம் திரும்பி வர வேண்டிய வங்கிக் கணக்கு, இவ்வளவும் கொடுத்துப் பதிய வேண்டும். ஆவணங்களைச் சரிபார்த்து முடிக்க நேரம் எடுக்கும், அதனால் கடைசி நாள் ராத்திரி உட்கார்ந்து பதிகிற வேலை வேண்டாம். அப்புறம் முன்பணம், வங்கிக்காரர்கள் இ.எம்.டி. என்பார்கள், வழக்கமாகக் குறைந்தபட்ச விலையில் 10 சதவீதம். உங்கள் கணக்குப்படி 3.2 லட்சம். அறிவிப்பில் சொன்ன நேரத்துக்குள் அது அவர்கள் கணக்கில் விழுந்திருக்க வேண்டும், நீங்கள் அனுப்பிய நேரம் கணக்கில்லை. ஏலம் கிடைக்காவிட்டால் அந்தப் பணம் திரும்பி வந்துவிடும், வட்டி மட்டும் கிடையாது.

பணம் போடும் முன் ஒன்று. கணக்கு எண்ணை அறிவிப்பில் இருந்தோ தளத்தில் இருந்தோ மட்டும் எடுங்கள். "நான் பேசி முடிச்சுத் தாறேன், டோக்கன் மட்டும் எனக்குப் போடுங்க" என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அறிவிப்பில் அதிகாரியின் பெயரும் எண்ணும் இருக்கும், கிளைக்கே நேராகப் போய் அவரைக் கேட்டால் போதும்.

ஏல நாளில் உள்ளே நுழைந்ததும் அப்போதைய உயர்ந்த கேட்பு எவ்வளவு என்று திரையில் தெரியும், யார் கேட்டது என்று தெரியாது. அறிவிப்பில் சொன்ன படித்தொகை, 25,000 என்று வைத்துக்கொள்வோம், அந்தப் படியில்தான் ஏற்ற முடியும். முடிய வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்னால் யாராவது கேட்டால் நேரம் 5 நிமிடமோ 10 நிமிடமோ தானாக நீளும், மறுபடி கேட்டால் மறுபடி நீளும். கடைசி நொடியில் ஒரே போடு போட்டு எடுத்துவிடலாம் என்ற தந்திரம் இங்கே பலிக்காது. இந்த நீளுகிற நேரத்தில்தான் ஆட்கள் அறிவிழந்து போகிறார்கள். 38 லட்சத்தோடு நிறுத்த நினைத்தவர், "இன்னும் ஒரு இருபத்தஞ்சாயிரம்தானே" என்று பத்துத் தடவை சொல்லி 40 லட்சத்தைத் தாண்டிவிடுவார். உங்கள் உச்ச விலையை முந்தின நாளே ஒரு தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். மலையோரத்தில் இருப்பவர்கள் செல்பேசி சிக்னலை நம்பி ஏலத்தில் உட்கார வேண்டாம், நல்ல இணைப்பு இருக்கிற இடத்துக்குப் போய்விடுங்கள்.

சரி, 40 லட்சத்துக்கு உங்களுக்கே கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அன்றைக்கோ அடுத்த வேலை நாளிலோ 25 சதவீதம் கட்டியாக வேண்டும். 10 லட்சத்தில் ஏற்கெனவே கட்டிய 3.2 லட்சம் கழித்து 6.8 லட்சம். மீதி 30 லட்சத்தை, ஏலம் உறுதியானதில் இருந்து 15 நாளில். வங்கி எழுத்தில் சம்மதித்தால் கொஞ்சம் நீட்டலாம், எப்படியும் 3 மாதத்தைத் தாண்டக்கூடாது. கட்டத் தவறினால் கட்டின பணம் போய்விடும், சொத்து மறுபடி ஏலத்துக்குப் போகும். வளைகுடாவில் இருந்து தம்பி அனுப்புவான், சீட்டு விழும், நகையை வைத்துச் சமாளிக்கலாம் என்ற கணக்கெல்லாம் 15 நாளுக்குள் ஒன்றுகூட நேரத்துக்கு வராமல் போகலாம். கடன் வாங்கி எடுக்கிறவர்கள், ஏலத்துக்கு முன்பே வங்கியில் பேசி எவ்வளவு கிடைக்கும், எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்டு வைக்க வேண்டும். கேட்புத் தொகை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் 1 சதவீதம் வருமான வரியைப் பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும், அதையும் மறந்துவிடாதீர்கள்.

இனி இடத்தைப் பார்ப்பது. பார்வையிடும் நாள் அறிவிப்பிலேயே இருக்கும். "உள்ளது உள்ளபடி" என்று ஒரு வரியும் இருக்கும், அந்த ஒரு வரியிலேயே எல்லாப் பொறுப்பும் உங்கள் தலையில் வந்துவிடுகிறது. வழி இல்லையா, அளவு குறைகிறதா, வங்கி தலையிடாது. நம் ஊரில் நான் முதலில் பார்ப்பது வழியைத்தான். 8 சென்ட் விளைக்கு, அதாவது தோட்ட நிலத்துக்கு, நாலு பக்கமும் வேறு ஆள் விளை, நடுவே ஓர் ஆள் போகிற நடைபாதை, அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் தயவில், இப்படி எத்தனை இடம் வேண்டும் விளவங்கோட்டிலும் கல்குளத்திலும்? கையோடு டேப் கொண்டுபோய் வழியின் அகலத்தை அளந்து பாருங்கள். கார் போகும் என்று வங்கி அதிகாரி சொன்னால், எந்தப் பத்திரத்தில் அந்த வழி எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பத்திரத்தில் இல்லாத வழியை நம்பி 40 லட்சம் போடாதீர்கள்.

அப்புறம் காகிதம். வில்லங்கச் சான்றை இணையத்திலேயே பார்க்கலாம், கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். பட்டா யார் பெயரில், புல வரைபடமும் அறிவிப்பில் சொன்ன நாலு எல்லையும் ஒத்துப்போகிறதா, பழைய சர்வே எண்ணும் ரீசர்வே எண்ணும் ஒரே துண்டைத்தான் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தவர்கள், அதனால் மூலப் பத்திரம் மலையாளத்தில் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், ஆனால் வாசிக்கத் தெரியாமல் விட்டும்விடாதீர்கள். பாகப்பிரிவினையில் யாருக்கு எந்தத் துண்டு என்பது அந்தத் தாளில்தான் இருக்கும். பழைய ஆவண எழுத்தர்களில் அதை வாசிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மலையோர ரப்பர் தோட்டம் ஏலத்துக்கு வந்தால் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த சர்வே எண் வருகிறதா என்று தாலுகா அலுவலகத்திலும் வனத்துறையிலும் கேட்டுவிடுங்கள், அந்தப் பட்டியலில் இருந்தால் விற்கவும் மரம் வெட்டவும் அனுமதி வேண்டும்.

மின்கட்டண பாக்கி, வீட்டுவரி பாக்கி, இதையும் விசாரியுங்கள். பழைய உரிமையாளர் வைத்த மின் பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று மின்வாரியம் விதி வைத்துக்கொள்ளலாம் என 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, கேரள மின்வாரிய வழக்கு அது. தோப்பு வீட்டுக்குப் பாக்கி சில ஆயிரமாக இருக்கலாம், பூட்டிக் கிடக்கும் முந்திரி ஆலைக்கு லட்சக்கணக்கில் இருக்கும்.

வெளியே விலை அதிகம் என்கிறீர்கள். இருக்கலாம். அந்த வித்தியாசத்தில் வழி, பாக்கி, காலி செய்கிற செலவு எல்லாம் போக மிச்சம் என்ன நிற்கிறது என்று கூட்டிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: ஏலத்தில் ஒரு வீடு எடுக்கலாம் என்றிருக்கிறோம். அறிவிப்பில் "சிம்பாலிக் பொசஷன்" என்று இருக்கிறது. போய்ப் பார்த்தால் அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது, எங்களைப் படி ஏறவே விடவில்லை. பணம் கட்டின பிறகு அவர்களை யார் வெளியேற்றுவார்கள்? — வாசகி, தக்கலை

பதில்: தங்கச்சி, அறிவிப்பில் நான் இரண்டாவதாகத் தேடுகிற வார்த்தை இதுதான். சிம்பாலிக் என்றால் சுவரில் நோட்டீஸ் ஒட்டிக் காகிதத்தில் சுவாதீனம் எடுத்திருக்கிறார்கள், சாவி வங்கி கையில் இல்லை. பிசிக்கல் என்றால் வீட்டைப் பூட்டிச் சாவி வாங்கியாகிவிட்டது. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் வேண்டும், ஆனால் பல பேர் இந்த வார்த்தையையே கவனிக்காமல் ஒரே விலை கேட்கிறார்கள்.

அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி வங்கி, மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ மனுப் போட்டு, போலீஸ் துணையோடு வீட்டை எடுத்துக்கொடுக்கலாம். சட்டத்தில் அந்த உத்தரவுக்கு 30 நாள், காரணம் எழுதினால் மொத்தம் 60 நாள் என்று இருக்கிறது. நடப்பில் அதைவிட நீளும். அது போக, கடன் வாங்கியவர் மதுரைக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் 45 நாளுக்குள் மனுப் போடலாம், தடையுத்தரவு கிடைத்துவிட்டால் உங்கள் பணமும் வங்கியில், வீடும் அவர்கள் கையில். இருப்பவர் வாடகைக்காரர் என்றால், அடமானத்துக்கு முன்பே முறையாகப் பதிவு செய்த ஒப்பந்தம் அவரிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் எளிதில் எழுப்ப முடியாது.

அதனால் கேட்கும் முன் வங்கியிடம் எழுத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: 14-ஆம் பிரிவு மனு போட்டாயிற்றா, தீர்ப்பாயத்தில் வழக்கு எதுவும் இருக்கிறதா, சுவாதீனம் கொடுத்த பிறகுதான் மீதிப் பணம் என்று ஒத்துக்கொள்வார்களா. மூன்றாவதுக்குப் பெரும்பாலும் மாட்டோம் என்பார்கள், பரவாயில்லை, கேட்டுப் பாருங்கள். பதில் வாயால் மட்டும் வந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிற வீட்டில், போலீசோடு போய் நிற்க உங்கள் வீட்டில் யாருக்கு மனது வரும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பணம் முழுதும் கட்டியதும் வங்கி விற்பனைச் சான்றிதழ் தரும். அதைச் சார்பதிவாளரிடம் கொண்டுபோக வேண்டும், பிறகு பட்டா மாற்றம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் எவ்வளவு என்பதை அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ஏலத்துக்கு முன்பே கேட்டு உங்கள் உச்ச விலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போலீஸ் பிடித்த பைக்குகளை ஏலம் விடுகிறார்களாமே, 10,000 ரூபாய்க்கே நல்ல வண்டி கிடைக்குமா? — வாசகர், நாகர்கோவில்

பதில்: கிடைக்கும், ஆனால் நல்ல வண்டி என்பதற்கு அங்கே அர்த்தம் வேறு தம்பி. மதுவிலக்கு வழக்கில் பிடித்தவை, யாரும் உரிமை கோராதவை, இவை மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்றவை. முந்தின நாள் பார்க்க விடுவார்கள். போனால் சீட்டைத் தூக்கி பேட்டரி இருக்கிறதா, கார்புரேட்டர் இருக்கிறதா, டேங்குக்குள் துருவா என்று பாருங்கள், பல வண்டிகளில் கழற்றக்கூடியதெல்லாம் கழன்றிருக்கும். முக்கியமாக சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வாசிக்கிற மாதிரி இருக்கிறதா? தேய்ந்துபோயிருந்தால் அது ஓட்டுகிற வண்டி இல்லை, இரும்பு விலைக்குப் போகிற வண்டி.

ஆதாரும் முன்பணமும் கொண்டுபோனால் பெயரைப் பதிந்து டோக்கன் தருவார்கள். வாய் ஏலம்தான். எடுத்தால் ஜிஎஸ்டியும் சேர்த்துப் பெரும்பாலும் அன்றைக்கே கட்ட வேண்டும், 10,000 என்று நினைத்துப் பத்தாயிரத்தோடு மட்டும் போகாதீர்கள். பழைய இரும்புக்காரர்கள் கூட்டாக வந்து நிற்பார்கள், "நீ இத கேக்காத, உனக்கு வேற ஒண்ணு விட்டுத் தாறோம்" என்று ஒரு பேச்சு வரும். காதில் வாங்காமல் உங்கள் வண்டிக்கு உங்கள் விலையைக் கேளுங்கள்.

ஏல உத்தரவை வாங்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரக்கூடாது. அந்த உத்தரவோடு படிவம் 32-ஐ நிரப்பி 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்தால்தான் ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறும். எந்த ஊர் எண் என்றும் பாருங்கள், டி.என். 74, 75 என்றால் வேலை இங்கேயே முடியும். களியக்காவிளை எல்லைக்கு இந்தப் பக்கம் கேரள எண் வண்டிகளும் நிறையப் பிடிபடுகின்றன, அதற்கு அலைச்சல் கூடுதல்.

கேள்வி: அடகு நகை ஏலத்தில் பவுன் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்களே? மகள் கல்யாணத்துக்கு எடுக்கலாமா? — வாசகி, குலசேகரம்

பதில்: மலிவு என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். தங்கக் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2025-இல் கொண்டுவந்த விதிகளில், ஏலத்தின் குறைந்தபட்ச விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் மட்டும் 85 வரை இறக்கலாம் என்று இருக்கிறது. அதற்கு மேல்தான் கேட்பே தொடங்கும். பெரும்பாலும் நகைக்கடைக்காரர்களும் உருக்குகிறவர்களும்தான் வந்து நிற்பார்கள், பல இடங்களில் ஒரு தாலிச்சங்கிலியை மட்டும் தனியாகக் கேட்க முடியாது, மொத்தமாகத்தான் எடுக்க வேண்டும். கல் வைத்த நகை, அரக்கு வைத்த நகை, எடையில் எவ்வளவு தங்கம் என்று உரசிப் பார்த்துச் சொல்ல உங்களோடு ஒரு பத்தரும் வர வேண்டும். கல்யாணத்துக்கென்றால் கடையிலேயே எடுங்கள்.

கேள்வி: எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் என் கணவர் ஒரு நாட்டுக்கோழியை 3,000 ரூபாய்க்குக் கேட்டு எடுத்துவிட்டார். இதற்கும் ஏதாவது விதி உண்டா? — வாசகி, நெய்யூர்

பதில்: ஒரே விதிதான், மைத்துனர் பக்கத்தில் நின்றால் கையை உயர்த்தக்கூடாது. மற்றபடி அது காணிக்கைக் கணக்கு, ஏலக் கணக்கு இல்லை. கோழியைக் குழம்பு வையுங்கள்.

கேள்வி: சிறிய மீன் கடை போடப் போகிறேன். துறைமுகத்தில் புது ஆள் ஏலம் கேட்க விடுவார்களா? — வாசகர், கருங்கல்

பதில்: விடுவார்கள். குளச்சலோ தேங்காய்ப்பட்டணமோ, அங்கே இணையமும் கிடையாது, படிவமும் கிடையாது. படகில் இருந்து இறங்கினதும் மீனைத் தரையில் குவித்தோ பெட்டியில் போட்டோ வைப்பார்கள், ஏலக்காரர் ஒரு தொகையைச் சொல்லி ஆரம்பிப்பார், சுற்றி நிற்கிறவர்கள் ஏற்றுவார்கள், "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று சொல்லி மூணாவது தரத்துக்கு வாய் திறப்பதற்குள் முடிந்துவிடும். கிலோ கணக்கு இல்லை, குவியலுக்கு விலை. இங்கேதான் புது ஆள் தடுமாறுவார். மேலே கிடக்கிற நாலு நெய்மீனைப் பார்த்துக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து கிளறினால் அடியில் எல்லாம் பொடி. குவியலைச் சுற்றி வாருங்கள், ஓரத்தில் இரண்டு மீனைப் புரட்டிச் செவுளைத் திறந்து பாருங்கள், சிவப்பாக இருந்தால் சரி.

முதல் சில நாள் ஒன்றும் கேட்காமல் நின்று பாருங்கள். எந்தக் குவியல் எவ்வளவுக்குப் போகிறது என்று மனதில் குறித்து, அதை எடுத்தவரிடமே எடை எவ்வளவு வந்தது என்று விசாரித்தால் கண் பழகிவிடும். மீன் விற்கிற அம்மாமார் சிலர் சேர்ந்து ஒரு குவியலை எடுத்துப் பங்கு வைத்துக்கொள்கிறார்கள், அவர்களோடு சேர்ந்துகொள்வது உங்கள் முதலுக்கு நல்லது. வழக்கமான வியாபாரிகளுக்கு ஏலக்காரர் கடனுக்கு விடுவார், உங்களுக்கு விட மாட்டார், ரொக்கம் வேண்டும். ஐஸ் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டே புறப்படுங்கள்.

விசைப்படகுத் தடைக்காலத்தையும் கணக்கில் வையுங்கள், நம் மாவட்டத்துக்கு அது இரண்டு தடவை. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாட்களில் வள்ளத்து (நாட்டுப்படகு) மீன்தான் வரும், விலை ஏறும். கடையை ஆகஸ்டில் திறந்தால் உங்களுக்கு வசதி.

கேள்வி: எல்லோரும் ஏலம் எடுப்பதைப் பற்றிக் கேட்பார்கள். எங்கள் அண்ணன் வீடே ஏலத்துக்கு வரப்போகிறது. கடனை 60 நாளுக்குள் கட்டச் சொல்லி வங்கி நோட்டீஸ் வந்துவிட்டது. என்ன செய்யலாம்? — பெயர் வேண்டாம், தோவாளை

பதில்: 60 நாள் நோட்டீஸ்தான் வந்திருக்கிறது என்றால் இன்னும் நேரம் இருக்கிறது, அதை உள்ளே வைத்துப் பூட்டிவிடாமல் இருந்தால். அந்த நோட்டீசுக்கு எழுத்தில் ஆட்சேபணை கொடுக்கலாம், வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கணக்கில் தவறு, கட்டின தொகை வரவு வைக்கவில்லை என்பது மாதிரி இருந்தால் ரசீதோடு எழுதுங்கள். கட்ட முடியாத நிலை என்றால் ஒரே தவணையில் முடிக்கும் சலுகை உண்டா என்று கிளையில் கேட்டு, மனுவை எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

2016-க்கு முன்பு, விற்று முடிக்கும் நாள் வரைக்கும் முழுப் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கலாம் என்று இருந்தது. இப்போது ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே கட்டிவிட வேண்டும், 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அறிவிப்பு வந்த பிறகு பணத்தைத் திரட்டிக்கொண்டு ஓடினால் வங்கி மனது வைத்தால்தான் உண்டு. அண்ணனே நல்ல விலைக்கு வேறு ஆளைக் கண்டுபிடித்து, வங்கியின் சம்மதத்தோடு விற்றுக் கடனை அடைப்பது பல சமயம் ஏலத்தைவிட லாபம், அதற்கும் இந்த 60 நாள்தான் சரியான நேரம்.

மீறி ஏலம் போய்விட்டால், கடன், வட்டி, செலவு போக மீதி இருந்தால் அது அண்ணனுக்குச் சேர வேண்டிய பணம். கணக்கை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நோட்டீஸ், பாஸ் புத்தகம், கட்டின ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். பணம் கொடுக்க முடியாவிட்டால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், பெண்கள் பெயரில் சொத்து இருந்தால் வருமானம் பார்க்காமலே அவர்களுக்கு இலவச வக்கீல் உதவி உண்டு.